ஐந்து வாக்கியங்களில் ஓர் ஆள்

சுபாங் ஜெயாவில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதுகாவலராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் அது நடந்தது. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வேலைக்கு வந்துபோவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வரை போய் ஆங்கில வகுப்பில் உட்காருவேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மலாய் தண்ணீர் மாதிரி வரும். ஆங்கிலம் மட்டும் காதில் நுழையும், வாயில் நிற்காது.

அந்த வாரம் ஆட்களின் தோற்றத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். எட்டு முகங்கள் அச்சடித்த தாள். டால், ஷார்ட். தின், ஃபேட். டார்க், ஃபேர். உயரத்துக்கும் நிறத்துக்கும் 'ஹி இஸ்', முடிக்கும் மீசைக்கும் 'ஹி ஹேஸ்'. நான் 'ஹி ஹேஸ் டால்' என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. திரும்பும்போது ரயிலில் உதடு அசையாமல் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். லாபியில் பார்சல் வைக்கும் அலமாரியிலிருந்து யாரோ வாங்கிய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஒருவன் நடைவாசல் வழியாக வெளியே போனான். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனான். குடியிருப்பவர் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். அரை மணி நேரம் கழித்து பார்சலுக்குச் சொந்தக்காரர் கீழே வந்து சத்தம் போட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கேமராவில் பார்த்தார்கள். தொப்பி போடாத ஒரு தலை, முகம் தெரியாமல் வெறும் புகைமாதிரி.

சூப்பர்வைசர் ஃபாரத்தை நீட்டினார். பழைய ராணுவக்காரர், தமிழர்.

"ஆள் எப்படி இருந்தான்னு எழுதும்மா. மலாய்லயே எழுது, பரவால்ல."

"இல்லண்ணே, ஆபீஸ்ல எல்லாரும் இங்லீஷ்லதானே படிக்கிறாங்க. நான் இங்லீஷ்லயே எழுதுறேன்."

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். யாரும் கேட்கவில்லை. படித்ததைக் காட்டவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று குறியிட்டேன். கீழே ஐந்து வாக்கியம் எழுதினேன். ஹி இஸ் டால். ஹி இஸ் தின். ஹி இஸ் டார்க். ஹி ஹேஸ் கர்லி ஹேர். ஹி ஹேஸ் எ முஸ்டாஷ்.

அவனுடைய இடது காதின் நுனி கிழிந்து இரண்டாகத் தொங்கியதைப் பார்த்திருந்தேன். காதுக்கு ஆங்கிலம் தெரியும். கிழிந்ததற்குத் தெரியாது. சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் அம்மா படித்துவிட்டு, "வெரி குட், வெரி கிளியர்," என்றார். சாயங்காலமே பிரதி எடுத்து மூன்று வாசலிலும் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை ரயிலில் நின்றபடி எதிரே பார்த்தேன். உயரமான, ஒல்லியான, கறுப்பான ஒரு ஆள், சுருட்டை முடி, மீசை. கதவோரம் இன்னொருவர். ஷா ஆலம் வருவதற்குள் அந்த ஒரு பெட்டியிலேயே நான்கு பேரை எண்ணிவிட்டேன். என் தம்பி நின்றிருந்தால் ஐந்து. போனதும் சொல்லி மாற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். போனதும் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "மேனேஜர் ஒன்னைப் பத்தி நல்லா சொன்னாங்கம்மா," என்றார். தேநீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினேன். மதியம் சொல்லலாம் என்று தள்ளினேன். அன்று சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் குரல் அலறியது. "ஆள் கெடச்சாச்சு. ஆபீஸுக்கு வா."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். இரண்டு பக்கமும் நேப்பாளி பாதுகாவலர்கள். காலடியில் ஏணியும் தண்ணீர்க் குழாயும். கால்சட்டை முழங்காலில் மண். எங்கோ கீழே அழுத்தியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்கே அவன்தான் என்று தோன்றியது. அந்த ஒரு நொடியை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு காதைப் பார்த்தேன். இரண்டும் முழுசாக இருந்தன.

"அக்கா, நான் கிள்ளான் பக்கம் மேருலேருந்து வரேன். எட்டாவது மாடிக்கு ஏர்கான் கழுவணும். போன் பண்ணிக் கேளுங்கக்கா," என்றார்.

"நோ. நாட் ஹிம்," என்றேன் மேனேஜரிடம்.

அவர் என் தாளை எடுத்துப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறியிட்டார். டால், டிக். தின், டிக். ஐந்து டிக். "யூ ரோட் திஸ்," என்றார். போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்.

நான் என் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "இயர்... இயர்..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

சூப்பர்வைசர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஆமான்னு சொல்லிடும்மா. இல்லன்னா போலி ரிப்போர்ட் எழுதுனேன்னு ஒன் வேலைதான் போகும். போலீஸ் விசாரிச்சு விட்டுருவாங்க."

"விட்டுருவாங்களாண்ணே?" என்றேன். அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலியில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. என்னையே பார்த்தார்.

"புக்கான் டியா!" என்று கத்தினேன். அவர் இல்லை. அதன்பிறகு மலாய் கொட்டியது. திருடியவனுக்குக் காது கிழிந்திருந்தது, இடது பக்கம், என் கண்ணால் பார்த்தேன், எழுதாதது என் தப்பு, போலீஸிடமும் இதையேதான் சொல்வேன் என்றேன்.

மேனேஜர் பேனாவை வைத்தார். "ஒய் யூ நெவர் ரைட்?"

"ஐ டோன்ட் நோ தி வேர்ட், மேடம்."

மேனேஜர் என் தாளைத் தள்ளிவைத்தார். பிறகு அவரே எட்டாவது மாடிக்குப் போன் செய்தார். ஆமாம், நான்தான் வரச் சொன்னேன் என்று பதில் வந்தது. போலீஸ் வந்து, அப்படியும் ஏர்கான்காரரின் ஐ.சி. அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டுதான் விட்டார்கள்.

அவர் வேலை செய்யாமல் கிளம்பினார். வாசலில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்று முழுவதும் படித்தார். என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர் போலிருக்கிறது, சட்டென்று படித்து முடித்தார்.

"இதுல என் பேர் மட்டும்தான்க்கா இல்ல," என்றார்.

நான் மூன்று வாசலுக்கும் நடந்து போய்த் தாள்களைக் கிழித்தேன். மலாயில் புதிதாக எழுதிக் கொடுத்தேன், காதை முதல் வரியில் வைத்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காது கிழிந்தவன் அகப்படவே இல்லை.

அடுத்த வாரம் ஏர்கான்காரர் மறுபடி வந்தார். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது சொல்லிவிட்டேன்.

"தம்பி, என்னை மன்னிச்சிருங்க."

அவர் நிமிரவில்லை. "நீங்க இல்லன்னு சொல்லாட்டி அன்னைக்கு லாக்கப்ல இருந்திருப்பேன். எழுதுனதும் நீங்கதான். என்ன சொல்றதுன்னே தெரியலக்கா." ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார்.

ஒன்றரை மணிக்கு இறங்கி வந்து வருகையாளர் பாஸை மேசைமேல் வைத்தார்.

"எட்டாவது மாடி முடிஞ்சிது. அடுத்த மாசம் பன்னெண்டாவது மாடி இருக்கு."

"வாங்க," என்றேன்.