ஓம் என்றவர்களுக்கு மட்டும்

செவன் கிங்ஸ் பெட்ரோல் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கல்லாவில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஷிப்ட் நேரத்திலேயே சட்டப் பரீட்சைக்குப் படிக்கிறார். அமெரிக்க அரசியல் யாப்பைப் பற்றிய தடித்த புத்தகம் திறந்து கிடக்கிறது.

"அவையின்ர முதல் யாப்பு சரியான நோஞ்சான், அண்ணை. பதின்மூண்டு மாநிலத்தில ஒண்டு மாட்டன் எண்டாலும் திருத்த ஏலாது. வரி கேக்கலாம், வாங்க ஏலாது. அதைத் திருத்தவெண்டு கூடினவை, கதவைப் பூட்டிப்போட்டுப் புதுசாவே எழுதிப்போட்டினம்."

"சண்டை வரலையா?"

"வாய்ச்சண்டைதான். ஒன்பது மாநிலம் ஓம் எண்டால் போதும் எண்டு வைச்சவை. ஆனால், ஓம் எண்டவைக்கு மட்டும்தான் அது செல்லும்."

கடைசி வரியை இன்னொரு தரம், மெதுவாகச் சொல்கிறார். வெளியே பம்ப் அருகே ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. இருவருமே திரும்பவில்லை. பீரங்கியால் சுதந்திரம் வாங்கிய நாடு, தன் சட்டம் உதவாது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்திருக்கிறது. மலைத்துப்போய் நிற்கிறேன்.

மறுபடி ஹாரன். அவர் கல்லாவில் இருந்தபடியே பொத்தானை அழுத்திப் பம்ப்பைத் திறந்துவிடுகிறார்.

"எங்கட நாட்டிலையும் ரெண்டு தரம் யாப்பை மாத்தினவை, அண்ணை. தமிழர் நாங்கள் ஓம் எண்டு சொல்லேல்லை," என்கிறார். "எண்டாலும் எங்களுக்கும் செல்லுமாம்."