'மிக எளிது' என்று வந்த சீட்டு வித்தை

பத்திரிகையில் நான் பார்க்கும் குழந்தைகள் பக்கத்துக்கு வரும் எந்த வித்தைக் குறிப்பிலும் 'மிக எளிது' என்பது முதல் வரியிலேயே இருக்கும். எழுதியவர் அதை இன்னொரு மனிதரிடம் செய்து பார்த்திருக்க மாட்டார். சமையல் குறிப்பை நம்பி அடுப்பங்கரையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் எரிச்சல் புரியும்.

நானும் ஒருமுறை நம்பினேன். போன வருடம் ஒரு நாணய வித்தையைச் சோதிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கீழ்பென்னாத்தூரில் ஏழாவது படிக்கும் தாரணி அதைப் பள்ளி ஆண்டு விழாவில் செய்தாள். பாதியில் கைக்குட்டைக்குள்ளிருந்து காசு நழுவி, மேடையைத் தாண்டி உருண்டது. அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் 'சில்லறை'. இந்த வருடம் அவளிடமிருந்து கடிதம் வந்தது: "மறுபடியும் பேரு குடுத்துட்டேன் மேடம். நீங்களே செஞ்சு பாத்த ட்ரிக்கா அனுப்புங்க."

அந்த வாரம்தான், பள்ளி பள்ளியாகப் போய் மேஜிக் காட்டும் சௌந்தர் ஒரு சீட்டு வித்தையை எழுதி எடுத்துவந்தார். ஒரு சீட்டின் பெயரை முன்பே தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டிப் பார்வையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு பத்துச் சீட்டை, நாம் வைத்த வரிசை மாறாமல், கவிழ்த்து அவர் கையில் தர வேண்டும். அவர் மாற்றி மாற்றி இரண்டு குவியலாகப் போட்டு ஒன்றைக் காட்டுவார். ஒரு குவியலை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி இரண்டாக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஒற்றைச் சீட்டின் பெயர்தான் கவருக்குள் இருக்கும். பத்துப் பேரிடம் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "எதுக்கு மேடம்? எல்லாத்தையும் அவங்களே பண்ணுவாங்க, நாம சும்மா நின்னா போதும்" என்றார்.

தபால் பிரிவு

வேங்கிக்காலில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் ராஜசேகர், அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவைப் பார்ப்பவர். முதல் சோதனை அவரிடம்தான். கவரைக் கொடுத்துவிட்டுச் சீட்டை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் ஓரத்தைச் சீராகக் கிழித்து, தாளை எடுத்துப் படித்து, மூலையில் தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்துவிட்டார். பார்வையாளர் கவரைப் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று சௌந்தரின் குறிப்பில் ஒரு வரி கிடையாது. ராஜசேகர் தாளை என்னிடம் நீட்டினார். "ஆட்டின் ராணினு போட்டிருக்கு. இது எந்த செக்‌ஷனுக்குப் போகணும் மேடம்?"

பாய் கேட்டது

தேரடித் தெருவில் அன்வர் பாய் முப்பது வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கவரைப் பிரிக்கக் கூடாது என்று இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன். வித்தையின் சூது குவியலைக் காட்டச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டிய சீட்டு உள்ள குவியலை அவர் காட்டினால் வைத்துக்கொள்ள வேண்டும்; மற்றதைக் காட்டினால், 'சரி, அதை ஒதுக்கிடலாம்' என்று இயல்பாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் பாய் காட்டியதை வைத்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் அவர் காட்டியதை ஒதுக்கினேன். அவர் அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

"இரும்மா. அப்ப நான் காட்டினதை வச்சுக்கிட்ட. இப்ப காட்டினதைத் தள்ளுற. எது கணக்கு?" பொய் சொல்லக் கூடாது என்று குழந்தைகளுக்கு எழுதியே தலை நரைத்தவள் நான். பாய் குவியலை என் பக்கம் நகர்த்தினார். "கஸ்டமர் நீலம் கேப்பாங்க. பச்சையை எடுத்துப் போட்டு, இதுதான் ஜாஸ்தி போகுதும்பேன். ஆனா அதுக்குக் கைதட்டச் சொல்ல மாட்டேம்மா."

மௌனம்

எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் தியானத்துக்காக அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெங்களூர்க்காரரிடம், இரண்டு குவியலில் ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். என் காபி ஆறிப்போனது. "நான் எதையும் தேர்ந்தெடுக்கறதையே விட்டுட்டேன் மேடம்."

தீர்ப்பு

பத்துப் பேரில் ஏழு பேரிடம் வித்தை பலிக்கவில்லை. எங்கே, எந்தப் படியில், ஏன் என்று நோட்டில் எழுதி சௌந்தருக்குப் படித்துக் காட்டினேன். எதை மாற்றலாம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் மேடையில் நிற்கும்போது இப்படி நடந்தால் அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் டீயை முடித்துவிட்டு எழுந்தார். "ட்ரிக்ல ஒரு தப்பும் இல்ல மேடம். உங்க ஊர் ஜனங்கதான் சரியில்ல."

தாரணி வீடு

அனுப்ப வித்தை இல்லை என்பதைக் கடிதத்தில் எழுத மனம் வராமல் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அந்தச் சீட்டு வித்தையையே ஒரு தடவையாவது செய்து பார்க்கிறேன் என்றாள் தாரணி. வேன் ஓட்டும் அவள் அப்பா அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். கவிழ்த்துக் கொடுத்த பத்துச் சீட்டையும் அவர் வாங்கிய கையோடு திருப்பினார், விசிறி மாதிரி விரித்து, சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று ரம்மிக்கு அடுக்கி முடித்துவிட்டு, "ஜோக்கர் எதும்மா?" என்றார். வரிசை போனது. வித்தையும் போனது.

நான் நோட்டை மூடினேன். தாரணி சீட்டைக் கலைத்து, வாசலில் நின்ற இன்னொரு வேன் டிரைவரிடம் கொடுத்தாள், அவரும் அடுக்கினார். பக்கத்து வீட்டு மாமாவும் அடுக்கினார். அவள் என்னிடம் வந்தாள். "யார்கிட்ட குடுத்தாலும் அடுக்குறாங்கல்ல மேடம்? அப்ப கவர்ல அதையே எழுதிட்டா?"

ஆண்டு விழா

தலைமையாசிரியரை மேடைக்கு அழைத்தாள். ஒட்டிய கவரை எல்லோரும் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தாள். பத்துச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவர் சீட்டைப் புரட்டினார், விரித்தார், இரண்டு சிவப்பை இடப்பக்கம் நகர்த்தினார். அடுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தாரணி கவரைப் பிரித்து மைக்கில் படித்தாள்: "இந்தச் சீட்டுகளை நீங்கள் நிறம் பார்த்து அடுக்குவீர்கள்."

கூட்டம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இந்த முறை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் சீட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பெற்றோர் பக்கம் திரும்பி மைக்கை வாங்கினார். "நான் சீட்டாடுறது இல்லைங்க. கை தானா போச்சு."

சீட்டு வித்தை எளிதுதான். ஜனங்கள் சொன்னபடி செய்வார்கள் என்று நம்பி அதை எழுதுகிறவர்களைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.