கிச்சுகிச்சு டாக்டர்

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த டாக்டரம்மாவைக் கிச்சுகிச்சு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் வழவழவென்று ஜெல் தடவி, உள்ளங்கை அளவு ஸ்கேன் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே நகர்த்தினால் யாருக்குத்தான் கூசாது?

கருவி வந்த புதிதில் அவருக்கே அதன்மேல் நம்பிக்கையில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஸ்டெதாஸ்கோப்போடு காலம் தள்ளியவர். ஆனாலும் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். நல்ல நுரையீரல் திரையில் எப்படித் தெரியும் என்று கண் பழக வேண்டுமே, அதற்கு வீட்டுக்காரர்தான் அகப்பட்டார். தையல் மெஷின் முன்னால் இருந்த மனிதரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கறேன், நீ எனக்கே அளவெடுக்கறியா?" என்று முனகிக்கொண்டே கழற்றினார் அவர்.

ஒரு காலையில் பஸ் டிரைவர் ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வயதுக்காரி. காய்ச்சல், வயிற்றுவலி. வயிற்றுக்கென்று கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே குழந்தை ஊரைக் கூட்டினாள். அழுகையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. மூச்சு மட்டும் வேகமாக இருந்தது. அதுதான் டாக்டருக்கு உறுத்தியது.

"நீ அப்பா மடியிலேயே இரு கண்ணு" என்று கருவியை எடுத்தார்.

"வலி வயித்துலன்னுதானே சொல்றா டாக்டரம்மா, முதுகுல எதுக்கு?" என்றார் டிரைவர்.

"பாத்துட்டுச் சொல்றேன். அவளைக் கொஞ்சம் அணைச்சுப் புடிச்சுக்கோங்க."

இடப்பக்கம் நுரையீரலின் உறை மூச்சுக்கு மூச்சு சீராக வழுக்கி நகர்ந்தது, அங்கே கோளாறில்லை. வலப்பக்கம் அடியில் வந்ததும் கை நின்றது. காற்று நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் கல்லீரல் மாதிரிக் கெட்டியாக ஒரு திட்டு. ஒருவேளை கல்லீரலையே பார்க்கிறோமோ என்று தடுமாறினார். வயிற்றையும் மார்பையும் பிரிக்கிற உதரவிதானத்தைத் தேடிப் பிடித்தார். திட்டு அதற்கு மேலே இருந்தது.

"நிமோனியா. நுரையீரலோட அடியில இருக்கறதால அவளுக்கு வயித்துவலியாத் தெரியுது. நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க."

டிரைவர் திரையைப் பார்க்கவேயில்லை. மகளின் தலையைத் தடவியபடி, "சரியாயிடுமில்ல?" என்றார்.

"சரியாக்கிடலாம்."

ஊசி மருந்து ஏறியது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. குழந்தை பிஸ்கட் கேட்டாள், பிறகு பக்கத்துக் கட்டில்காரனின் பிஸ்கட்டையும் கேட்டாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டர் மறுபடி பார்த்தபோது திட்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

"தூக்கிக்கறேன், வாம்மா" என்றார் டிரைவர்.

"நான் நடக்கறேன்."

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போக, பையோடு அவர் பின்னால் போனார். அவர்கள் படியிறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, டாக்டர் மேசைமேல் ஆறிப்போயிருந்த டீயை ஒரு மிடறு குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.