பதினோரு நாளில் ஒரு நொடி

என் பெண்டாட்டி ஆனந்தியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்குப் பெருமூச்சுதான் முதலில் வருகிறது. ஆலங்காயத்துப் பெண். எங்கள் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். நான் திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஆறு வருடமாக வேலையோடு வேலையாக டாக்டர் பட்டத்துக்கும் படிக்கிறாள். படிப்பென்றால் என்ன? உலகத்தில் இல்லாத கம்ப்யூட்டர் ஒன்றை, வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது.

"இன்னாத்துக்குடி இது?" என்றதற்கு ஒருநாள் பொறுமையாகச் சொன்னாள்.

"மெமரி ரெண்டு தினுசுங்க. ஒண்ணு வேகம், ஆனா கரண்ட் போனா எல்லாத்தயும் மறந்துடும். இன்னொண்ணு கொஞ்சம் மந்தம், கரண்ட் போனாலும் மறக்காது. ரெண்டயும் ஒரே மெஷின்ல வெச்சா எத எதுல வெக்கறதுன்னு பாக்கறேங்க. நெஜ மெஷினுக்கு நாம எங்க போறது? அதான் பொய் மெஷின்."

அந்தப் பொய் மெஷின் ஒரு நொடி ஓட, நமக்குப் பதினோரு நாள் ஆகுமாம். ஒரு நொடிக்குப் பதினோரு நாள்! என் ஜீப் அப்படி ஓடினால் ஜனங்கள் என்னை இறக்கிவைத்து உதைப்பார்கள்.

இந்த ஐப்பசியில் கடைசி ஓட்டம். திங்கட்கிழமைக்குள் முடிவை, அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற கைடுக்கு அனுப்பாவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் போச்சு. வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. டேபிள் ஃபேன் கம்ப்யூட்டருக்கு, எனக்கு விசிறி. நடுநடுவே சேவ் பண்ணித் தொலையேன் என்றேன். "சேவ் பண்ணா லேட்டாவும், திங்கக்கெழம தாண்டிடுங்க" என்றாள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை. அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள். மலையில் இடி பிளந்தது. போன வருடம் இப்படித்தான் எங்கள் டிவி கருகியது. இடித்தால் எங்கள் பக்கம் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிடுங்கினேன். யூபிஎஸ் 'கீ கீ' என்று கத்தியது, அதையும் அணைத்தேன். மெஷினைக் காப்பாற்றிவிட்டோம் என்று டீ போட்டுக் குடித்தேன்.

நனைந்துகொண்டே வந்தவள் இருண்ட திரையைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணீங்க?"

"இடிடி! டிவி மாதிரி இதுவும் பூடும்னு புடுங்கினேன்."

"ஐயோ, பத்து நாள் போச்சே!"

"எங்க போச்சு? கரண்ட் போனாலும் மறக்காதுன்னு நீதான சொன்ன?"

"அது பொய் மெஷின்லங்க! இது நம்ம வூட்டு ஓட்ட டப்பா!"

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தப்பு என்மேல் என்று தெரிந்துவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஆமா, நான் படிக்காதவன்தான். ஆறு வருசமா ஓட்றியே, அந்தப் பொய் மெஷினுக்குள்ள ஒருவாட்டியாச்சும் கரண்ட்ட புடுங்கிப் பாத்தியா? இந்த மலயில குடியிருந்துக்கினு?"

அழுகை நின்றது. என்னையே முறைத்துப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

இடி ஓய்ந்ததும் பிளக்கை மாட்டினாள். முழு நொடி வேண்டாமாம். பொய் மெஷினை ஓடவிட்டு, நடுவில் கரண்டை நிறுத்தி, எது மிஞ்சுகிறது என்று பார்க்க ஒன்றரை நாள் போதுமாம். மறக்காத மெமரிக்கென்று அனுப்பியதில்கூடப் பாதிதான் மிஞ்சியது. மீதி, அங்கே போய்ச் சேருமுன் மறக்கிற மெமரியிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டதாம். திங்கட்கிழமை காலையில் அனுப்பிவிட்டாள்.

மத்தியானமே கைடு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. பதிவு தப்பிச்சுது. கரண்ட்ட நிறுத்திப் பாக்கணும்னு எப்படி இப்பத் தோணுச்சு?"

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வூட்ல ஒருத்தரு இருக்காருங்க சார்," என்றாள் ஆனந்தி, "பிளக்க புடுங்கறவரு."