கோதண்டம் அண்ணன் பாய் பிடித்த குளிர்காலம்

எங்களுக்கு வரும் போன் எல்லாம் எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்குத்தான் வரும். சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தால், மறுமுனையில் கோதண்டம் அண்ணனின் மகள் மல்லிகா. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. காப்பி கேட்டாரு. கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள..." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எந்தக் காரியமும் செய்யாத மனுஷன், இதை மட்டும் இப்படிச் செய்துவிட்டாரே!

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை, கேஜை, இயக்கிய எஞ்சின் டிரைவர் அவர். கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாசலில் நின்று அவருக்கு மணி அடித்துச் சைகை கொடுத்தவன் நான். பதினெட்டு வருடம் அப்படி. கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்திவிட்டு அடுத்த மணிக்குக் காத்திருக்க வேண்டும். "நம்ம கையில கீறது ஆளு, மூட்டை இல்ல ஏகாம்பரம்" என்பார் என்னிடம். இன்று எஞ்சின் லீவரில் இருப்பது யார் என்பதை, கேஜ் நிற்கிற பதத்திலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கும் அதில் பெருமை, மணி என்னுடையதாயிற்றே!

சுரங்கம் மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு டிசம்பரில், எங்கள் இரண்டு குடும்பமும் லீவு போட்டு மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் மல்லிகா வீட்டுக்குப் போனோம். அவள் கணவருக்கு அங்கே ஒரு கடற்கரை ஓட்டல் சமையலறையில் வேலை. இங்கே சுரங்க ஊரில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்கிக் கிடந்த எங்களுக்கு அந்த வெயில் சொர்க்கம். தென்னை மட்டையை வெட்டி மணலில் ஹாக்கி ஆடினோம். சாயங்காலம் சீட்டில் நம்பர் அடிக்கிற ஹவுஸி ஆட்டம். சரோஜா அண்ணிதான் நம்பர் கூப்பிடுவார். அவரிடம் ஒருவரும் கள்ளாட்டம் ஆட முடியாது. அண்ணன் இதிலெல்லாம் அரை மனசோடுதான் இருந்தார். ஓட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலகை மேல் நின்று, பாயைப் பிடித்துக் காற்றில் பறக்கிற விண்ட்சர்ஃபிங்கின் மேலேயே அவர் நினைப்பு. "அதுல எஞ்சினும் இல்ல, பிரேக்கும் இல்ல. வெறுங்கையால ஓட்றாம்பா!"

பலகைகளைப் பார்த்துக்கொண்ட அந்தோணி பக்கத்துக் குப்பத்து மீனவர். விருந்தாளிகள் எழுவதற்கு முன், காலையில் கற்றுத்தர ஒப்புக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் அரை டிராயரோடு நின்ற அண்ணனைப் பார்த்து அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "பேரன் எடுக்கற வயசுல இன்னா கூத்து இது?"

மூன்று நாள் விழுந்துகொண்டே இருந்தார். நாலாம் நாள் நின்றார். ஐந்தாம் நாள் பாய் நிறையக் காற்றோடு விறுவிறுவென்று போனார் பாருங்கள், நான் மணலில் குதித்தே விட்டேன். ரொம்ப தூரம் போகிறாரே என்று, திரும்பி வரச் சொல்லி அந்தோணி நீளமாக ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான். அண்ணன் பாயைக் கீழே போட்டுவிட்டு நடுக்கடலில் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா சார் ஆச்சு அவருக்கு?" என்று அந்தோணி பதறினார். எனக்கல்லவா தெரியும், அடுத்த மணிக்குக் காத்திருக்கிறார்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தோணி கட்டுமரத்தில் போய் இழுத்து வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தோணி ஒரு பரீட்சை வைத்தார். தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை; அதைச் சுற்றி வரவேண்டும். அண்ணன் அழகாகத்தான் கிளம்பினார். ஆனால் மிதவையை விட்டு வெகுவாகத் தள்ளிப் போனார், திரும்பினார், தேடினார், மறுபடியும் தள்ளிப் போனார். கரைக்கு வந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"அந்த மிதவை உனுக்குத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுதே அண்ணா."

"எனுக்குத் தெரியல."

இரண்டு மாதமாகவே தூரத்தில் இருப்பது மங்கல் என்றார். எஞ்சின் அறையில் ஆழம் காட்டும் முள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பழக்கத்திலேயே ஓட்டியிருக்கிறார். பனிக்காலம், அதனால்தான் மங்கல் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டும் இருந்திருக்கிறார். வேலைக்கான கண் பரிசோதனைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அந்த லீவர்தான் அவருக்கு உயிர் என்பதால், நான் ஒரு கேவலமான யோசனை சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது. "யாருக்குத் தெரியப் போவுது? நாலு மாசம் ஓட்டுங்க அண்ணா. மணியில நான் கீறேனே."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கேஜ்ல ஏறுறவன், டிரைவருக்குக் கண்ணு தெரியுமான்னு கேட்டுட்டா ஏறுறான்? நெனச்சுக்கூடப் பாக்காம ஏறுறான். அவன நான் இன்னான்னு ஏத்தறது, சொல்லு" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன்பே எஞ்சினியர் அறைக்குப் போய், "என்ன லீவர்லேர்ந்து எடுத்துடுங்க சார்" என்று தாமே சொன்னார். கண் நரம்பில் கோளாறு, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாக அசையும், நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? நான் செய்திருக்க மாட்டேன்.

அடுத்த டிசம்பரிலும் கடலுக்குப் போனோம். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்தே பாயைத் திருப்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "போதும் வாங்க அண்ணா" என்று நான் கத்தினேன். மூழ்கி எழுந்த முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பை, லீவரில் இருந்த காலத்தில் நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

"இதுல வுழுந்தா நான் ஒருத்தன்தான் வுழுவேன் ஏகாம்பரம்! இன்னா நிம்மதி தெரியுமா!"

சொல்லிவிட்டுப் பாயைத் தூக்கினார். காற்று பிடித்துக்கொண்டது.

போய் வாருங்கள் அண்ணா. நீங்கள் மேலே ஏற்றிய அத்தனை பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.