அந்தோராவுக்கு ஏழு பூட்டு, எங்களுக்கு இரண்டு

அந்தோரா என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இப்போது கோபம் வருகிறது. அந்த நாடு பாவம். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, மலைகளின் மடிப்புக்குள், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடக்கிறது. குற்றம் முழுக்க இங்கே, ஒஸ்லோவில், குரோருட்டில், ஒரு நிலவறை மண்டபத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாடுகள் கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கொரு நாடு, சீட்டுக் குலுக்கி. சிநேகிதிகளுக்கு இந்தியா, பிரேசில், ஜப்பான். என் மகளுக்கு அந்தோரா. வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

"அது ஒரு நாடோ அம்மா? ஒரு ஏர்போட் கூட இல்லை."

"இல்லாட்டி என்ன, இப்ப பிளேன் ஏறப்போறியோ?"

"செய்யிறன். ஆனா இதுதான் கடைசி. இதுக்குப் பிறகு தமிழ்ப் பள்ளிக்கு வரமாட்டன். ஃபேர்டி."

ஃபேர்டி என்றால் முடிந்தது. நோர்வேஜிய மொழியில் கதவு சாத்துகிற சத்தம் அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. நான் மனதுக்குள் ஒரு பேரம் பேசினேன். இந்தக் கண்காட்சி நல்லபடி நடந்தால் இன்னும் ஒரு வருடம் வருவாள். ஒரு வருடம் வந்தால், கோபம் வரும்போதாவது தமிழில் ஏசுகிற அளவுக்கு மொழி நாக்கில் நிற்கும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அந்த நாடு எங்கள் குசினிக்குள் வளர்ந்தது. முட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து மலை. மேலே பசை தோய்த்த செய்தித்தாள். ஆற்றுக்கு, சொக்லேட் சுற்றி வந்த நீலத்தாள். பனிக்கு என்ன செய்வது என்று யோசித்து, நகரின் குறொன்லாண்டுப் பகுதிக் கடையில் ஒரு பை ரவை வாங்கிவந்து உச்சிகளில் தூவினாள். ரவை போட்டதும் மலை உண்மையிலேயே குளிர்ந்தது.

வெங்காயம் வெட்டுகிற என்னிடம் அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்த மண் தனக்குத்தான் என்று ஒரு கிறிஸ்தவ ஆயரும் ஒரு பிரபுவும் சண்டை பிடித்தார்களாம். கடைசியில் இரண்டு பேருக்கும் பொது என்று முடிவெடுத்தார்களாம். நூற்றாண்டுகள் போய்விட்டன, அந்த ஏற்பாடு போகவில்லை. இன்றைக்கும் நாட்டுக்கு இரண்டு இளவரசர்கள். ஒருவர் அதே ஆயரின் கதிரையில் இருப்பவர், மற்றவர் பிரான்ஸின் ஜனாதிபதி. ஒரு வருடம் இவருக்குக் கப்பம், மறு வருடம் அவருக்கு. ஆயருக்குக் காசோடு பன்றித்தொடையும் பாற்கட்டியும் உயிர்க்கோழியும் போகுமாம். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்கம். அண்மையில்தான் நிறுத்தினார்களாம்.

"கோழியை ஆர் அம்மா பிடிச்சுக்கொண்டு போயிருப்பினம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். சிரித்தது தமிழில்.

அவளை மயக்கியது அந்த நாட்டிலுள்ள ஓர் அலுமாரிதான். மலைகளில் இருந்து இறங்கி வருகிற ஊர்த்தலைவர்கள் கூடுகிற பழைய கல்வீடு ஒன்று அங்கே உண்டு. அதற்குள் நாட்டின் பத்திரங்களை வைத்த அலுமாரி. ஊருக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு திறப்பு. ஏழு ஊரும் வந்தால்தான் கதவு திறக்கும். பனி கொட்டினாலும், கழுதை விழுந்தாலும், ஏழு திறப்பும் நடந்தே வரவேண்டும். தீப்பெட்டியில் அந்த அலுமாரியைச் செய்து, ஏழு வெள்ளித்தாள் பூட்டுகளை ஊசிமுனையால் ஒட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினாள்.

இனி எங்கள் அலுமாரி. பள்ளியை நடத்துகிற எங்கள் தமிழ்ச் சங்கம் சில வருடங்களுக்கு முன்னர் இரண்டாகப் பிளந்தது. எதற்கு என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு வேறு கதை சொல்வார்கள், எல்லாக் கதையிலும் கொள்கை என்ற சொல் வரும். பள்ளியை மட்டும் பிளக்க முடியவில்லை. ஆகவே பள்ளி நடக்கிற மண்டபத்து இரும்பு அலுமாரியில் மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. மேல் பூட்டின் திறப்பு ஒரு பக்கத்து அண்ணையிடம். கீழ் பூட்டின் திறப்பு லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற மற்றப் பக்கத்து அண்ணையிடம். இவர்கள் இரண்டு பேரும் வந்த புதிதில் வடக்கே ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள்.

வெள்ளி மாலை பிள்ளைகள் தங்கள் நாடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தியாவும் பிரேசிலும் அலுமாரிக் கதவுக்குள் நுழையவில்லை. மூலையில் துணியால் மூடினார்கள். அந்தோரா அடங்கியது. சிறிய நாடு என்பதால்தான் உள்ளே போய் மாட்டியது. இரண்டு பக்கமும் நின்று இரண்டு பூட்டையும் அமத்திப் பூட்டின.

சனி காலை கீழ் பூட்டு அண்ணை வரவில்லை.

இரவோடு இரவாக அவருக்கு ஒரு செய்தி போயிருக்கிறது: கண்காட்சியைத் தொடக்கி விளக்கேற்றப்போவது மேல் பூட்டு அண்ணை. அவ்வளவுதான். நான் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, பிள்ளையின்ரை சாமான் உள்ளை இருக்கு. ஒருக்கா வந்து திறந்து விட்டிட்டுப் போங்கோ."

"தங்கச்சி, உங்கட பிள்ளை எங்கட பிள்ளைதான். ஆனா இது கொள்கைப் பிரச்சினை."

"தீப்பெட்டியும் ரவையும் அண்ணை உள்ளை இருக்கிறது. அதிலை என்ன கொள்கை?"

"நீங்கள் கவிதை எழுதிற ஆள், உங்களுக்கு அரசியல் விளங்காது." வைத்துவிட்டார்.

எனக்குக் காது சுட்டது. இந்த மனிதர் விளக்கேற்றுகிற தீக்குச்சிக்காக ஒரு பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கிறார், அரசியல் விளங்காதவள் நான். கட்டடப் பராமரிப்பாளர் நோர்வேக்காரர், வெளியே பனி வழித்துக்கொண்டு நின்றார். அவரிடம் நீளக் கைப்பிடி வைத்த பூட்டு வெட்டி இருந்தது. உங்கள் பூட்டுத்தானா என்று கேட்டார். எங்கள் பூட்டுத்தான் என்றேன். அதைவிட உண்மையான வசனத்தை நான் எழுதியதில்லை. வெட்டியைத் தந்தார்.

மேல் பூட்டு அண்ணை குறுக்கே வந்து நின்றார். "தங்கச்சி, விசர் வேலை பாக்காதேங்கோ. அவன்ரை பூட்டை வெட்டினால் நாங்கள் உடைச்சனாங்கள் எண்டு கதை கட்டுவான்."

"அப்ப உங்கட திறப்பையாவது தாங்கோ."

அவர் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பென்சன் எடுக்கிற வயது மனிதர், ரொபி மிட்டாய் ஒளிக்கிற பிள்ளை மாதிரி.

மகள் என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அம்மா. அந்தோராவிலை ஒருத்தரும் பூட்டை வெட்டேல்லை."

"அங்கை ஏழு பேரும் வந்தவை" என்றேன்.

இரண்டையும் வெட்டினேன். மேலது டக். கீழது டக். அந்தோரா முழுசாக வெளியே வந்தது, கொஞ்சம் பனி மட்டும் உதிர்ந்து.

திறக்க வர மறுத்த கீழ் பூட்டு அண்ணை, உடைந்ததைப் பார்க்கப் பறந்து வந்தார். கூடவே ஆட்கள். மேல் பூட்டின் ஆட்கள் ஏற்கெனவே நின்றார்கள். ஆர் வெட்டினது, ஆர் வெட்டச் சொன்னது, எங்கட பூட்டுக்கு ஆர் பொறுப்பு. பிரேசிலின் மேல் ஒருவர் முழங்கையை ஊன்றிக்கொண்டு கத்தினார். யாரோ விளக்கின் எண்ணெயைத் தட்டிவிட்டார்கள். பள்ளிப் பொறுப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு கண்காட்சியை நிறுத்தினார். என் மகள் மேடைக்குப் போகவேயில்லை. வீடு திரும்பும் தி-பானே ரயிலில் மடியில் நாட்டை வைத்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு தரிப்பிலும் ரயில் குலுங்க, ரவை ஆசனத்தில் கொட்டியது. வீடு வரும்வரை ஒரு சொல்தான் சொன்னாள்: வெட்கக்கேடு. அதையும் நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் இரண்டு பூட்டும் வாசலில். ஒரே காரில் வந்திருந்தார்கள். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்காகச் சேராதவர்கள், செத்தவீட்டில்கூட எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள், எனக்காகச் சேர்ந்திருந்தார்கள். ஒரே சோபாவில் அமர்ந்தார்கள்.

"தங்கச்சி, நீங்கள் மன்னிப்புக் கேக்கவேணும். ரெண்டு பக்கத்திட்டையும்."

"ரெண்டு பக்கமும் ஒரு சோபாவிலைதானே இருக்கு. ஒருக்காக் கேட்டால் காணாதோ?"

"பகிடி விடாதேங்கோ."

"கேக்கமாட்டன் அண்ணை. வேணுமெண்டால் நாளைக்கும் வெட்டுவன்."

தேநீர் கொடுத்தேன். கோபத்திலும் தேநீர் கொடுக்கிற என் கையின் மேல் எனக்குத் தனிக் கோபம். அப்போதுதான் மகள் அறைக்குள் இருந்து வந்தாள், நாட்டைத் தூக்கிக்கொண்டு. மேசையில் வைத்தாள்.

"மாமாக்கள், இதைக் கேட்டிட்டுப் போங்கோ. நான் பாடமாக்கினனான்."

அவர்கள் கையில் சூடாகக் கோப்பை, எழும்ப வழியில்லை. அவள் சொன்னாள். மலை, ஆறு, ஆயர், கோழி. தமிழில், ஓர் இடமும் தடக்காமல். மேடையில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். தீப்பெட்டியைக் காட்டி ஏழு பூட்டையும் சொன்னாள். இதை ஒரு மண்டபம் கேட்டிருக்கவேண்டும்.

கீழ் பூட்டு அண்ணை முன்னால் குனிந்தார். "ஒராள் வராட்டி?"

"திறக்கேலாது மாமா."

"இப்ப உள்ளை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. பேப்பரெல்லாம் வேறை இடத்துக்குக் கொண்டு போட்டினம். பூட்டு மட்டும் இருக்கு, ஆக்கள் வந்து பாக்கிறதுக்கு."

இரண்டு பேரும் தீப்பெட்டியையே பார்த்தார்கள். விளங்கிவிட்டது, கடவுளே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து மற்றவரின் தொடையில் தட்டினார்.

"பாத்தியே. சாமான் போயும் பூட்டை விட்டவையில்லை. நாடு எண்டால் அப்பிடி."

"ஓமடாப்பா," என்றார் மற்றவர். "அதுதான் கட்டுப்பாடு."

அவர்களுக்குள் வருடக்கணக்கில் நடந்த முதல் உடன்பாட்டை நான் கண்ணால் கண்டேன். பாதி குடித்த கோப்பைகளை இரண்டு பேரின் கையிலிருந்தும் வாங்கினேன். "தேத்தண்ணி ஆறிப்போச்சு, அண்ணை. வெளிக்கிடுங்கோ."

மகள் தீப்பெட்டியை மூடி, நாட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு மெல்லச் சாத்தியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்: ஃபேர்டி.

அடுத்த சனிக்கிழமை அவளை நான் எழுப்பவில்லை. அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தனியாகக் குரோருட்டுக்குப் போனேன். அலுமாரியில் இரண்டு புதுப் பூட்டுகள், பழையதைவிடப் பெரியவை, வெட்ட முடியாத இரும்பாம். அதன் காலடியில் அந்தோராவின் ரவைப் பனி இன்னும் கிடந்தது, யாரோ மிதித்த சப்பாத்து அடையாளத்தோடு. ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன். எந்தப் பக்கத்தார் கூட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார்கள்.