அக்கா போட்ட கையெழுத்து

எங்கள் வக்கீலம்மாவுக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் பெட்டியம்மா. வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத்தான் இருப்பார். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் அடித்துக்கொண்டால், ஒருத்தர் ஊர் கோர்ட்டை இன்னொருத்தர் நம்பமாட்டார். மூன்றாவது ஊரில் ஹோட்டல் ஹாலை வாடகைக்குப் பிடித்து, மூன்று நடுவர்களை உட்கார வைத்து வழக்கை நடத்துவார்கள். அங்கே போய் வாதாடுவதுதான் பெட்டியம்மாவின் தொழில். கறுப்பு அங்கி கிடையாது, பேப்பரில் பெயர் வராது. இப்படியே இருபத்துநாலு வருஷம். அதில் பத்தொன்பது வருஷம் நான் அவருக்கு டைப் அடித்திருக்கிறேன்.

ஒரு தடவையாவது நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவரிடம் ஃபைல் தூக்கினவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் வாதாடிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டாவது வயதில் அழைப்பு வந்தது. அணை கட்டிக்கொடுத்த கம்பெனிக்கும் கட்டச் சொன்ன அரசாங்கத்துக்கும் தகராறு. அந்தக் கடிதத்தை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கூடவே ஒரு படிவமும் இருந்தது. இரண்டு தரப்போடும் சொந்தம், சிநேகம் எது இருந்தாலும் ஒளிக்காமல் எழுத வேண்டும். பெட்டியம்மாவின் அக்கா மகன் அந்தக் கம்பெனியில் என்ஜினீயர். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுதினார். 'அக்காவோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை' என்றும் சேர்த்து எழுதினார்.

அரசாங்கத் தரப்பு ஆட்சேபித்தது. 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று நாம் ஒரு மூச்சில் சொல்வதை அந்த வக்கீல் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். உறவு அற்றுப்போனது உண்மையானால் அக்காவே அதைச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்று நடுவர்களை நியமிக்கும் அமைப்பு பதினைந்து நாள் கெடு வைத்தது.

அற்றுப்போனது உண்மைதான். அவர்கள் அம்மா நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அக்காதான் பார்த்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடிய அன்று பெட்டியம்மா எங்கோ ஒரு ஹாலில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். செய்தி தெரிந்தும் அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். மூன்றாம் நாள் வந்து நின்றவரிடம், "வக்கீலம்மா, இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

பதினான்கு நாள் வரை பெட்டியம்மா போகவில்லை. பேனாவை மூடுவார், திறப்பார், என் மேல் எரிந்து விழுவார். கடைசி நாள், சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்காதான் கதவைத் திறந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா? உள்ள வாடி. ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?"

எனக்கு அப்போதே ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. டீ வந்தது. பெட்டியம்மா அதைத் தொடாமலே பையிலிருந்து காகிதத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நீ என்னைப் பார்க்க வரல."

பெட்டியம்மா தரையைப் பார்த்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது.

"பேசல, பார்க்கலன்னு போட்டிருக்கே, சரி. எங்களுக்குள்ள பாசமும் இல்லன்னு போட்டிருக்கே, இது யாரு எழுதினது?"

பெட்டியம்மா சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் நான். தலை நிமிரவில்லை.

"அது பொய்டி. அதை அடிச்சுட்டுக் கொடு, போடறேன்."

"அந்த வரிதான்க்கா முக்கியம். அது இல்லன்னா இந்த இடம் எனக்குக் கிடைக்காது."

"வேற கேஸ் வராதா?"

"எனக்கு வராதுக்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார். மூன்று பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"உன்மேல பாசம் இல்லாட்டி இதுல கையெழுத்துப் போடுவேனாடி?" என்றார்.

பெட்டியம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். இறங்கி வரும்போது, "இன்னைக்கே அனுப்பிடு" என்றார். அனுப்பினேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. சகோதரியே கைப்பட ஒப்புக்கொண்டதால் இருவருக்கும் இடையே உறவோ பாசமோ இல்லை என்பது ருசுவாகிவிட்டது, ஆட்சேபம் தள்ளுபடி. நான் வாய்விட்டுப் படித்தேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை.

"இந்த வழக்கு முடியற வரைக்கும் நான் அக்காகிட்ட பேசக் கூடாது. நாலு வருஷமாவது ஆகும்," என்றார். பிறகு, "முடிஞ்சா மட்டும்? எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன், சொல்லு?"

நாலாவது வரியை டைப் அடித்தவை என் விரல்கள்தான். உத்தரவை ஃபைலில் கோர்த்து வைத்துவிட்டு, அவருடைய முதல் அமர்வுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன்.